ஆவுரிஞ்சு கல்

வைகாசி, கடைசி வாரம்

ஓணானுக்கு மூக்குப்பொடி போட்ட பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஈர்க்குச்சி நுனியில் சுருக்குப் போட்டு வேலியில் அதைப் பிடித்தது அண்ணன். தாத்தாவின் பொடிமட்டையிலிருந்து ஒரு சிட்டிகை களவாண்டு வந்து கொடுத்தது நான். பொடி ஏறி அது கிறுகிறுத்துச் சுற்றியதைப் பார்த்து நாலைந்து பேர் கைதட்டினோம். அப்போது எனக்கு எட்டு வயது. இப்போது பேரனுக்கு எட்டு வயது. இன்று காலை முற்றத்து முருங்கையில் ஒரு ஓணான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. அவன் கை தரையில் கல்லைத் துழாவியது. அதைப் பார்த்த பிறகுதான் இந்த நோட்டை எடுத்தேன்.

எங்களிடம் அன்று ஒரு நியாயம் இருந்தது. ராமருக்குத் தாகம் எடுத்தபோது அணில் இளநீர் கொண்டுவந்ததாம். ஓணான் மூத்திரத்தைக் கொடுத்ததாம். ஆகவே அணிலின் முதுகைத் தடவலாம், ஓணானை அடிக்கலாம். இரண்டையும் சொன்னது ஒரே ஆச்சிதான். ஒரே திண்ணையில் உட்கார்ந்து, சோற்றை உருட்டி எங்கள் கையில் வைத்தபடியே சொன்னாள். அவளைவிட இளகிய மனுஷியை நான் பார்த்ததில்லை.

இன்று பேரனிடம் வேறொரு நியாயம் இருந்தது.

"அது ரத்தத்தக் குடிக்கும் ஆச்சி. கழுத்தப் பாரு, செவப்பா இருக்கு."

"குடிக்கவும் இல்ல, கடிக்கவும் இல்ல. பொண்ணு தேடுற காலத்துல ஆண் ஓணானுக்குக் கழுத்து செவக்கும். மாப்பிள்ளை வேசம் போட்டு நிக்கிதுல."

சிரித்துவிட்டான். கல் கீழே விழுந்தது. மாப்பிள்ளையை யார் அடிப்பார்கள்?

முப்பத்தாறு வருஷம் சின்ன வகுப்புப் பிள்ளைகளோடு இருந்தவள் நான். பிள்ளைகளுக்கு இரக்கம் இல்லை என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அது அவர்களிடம் வேண்டிய மட்டும் கிடக்கிறது. எதற்குக் கொடுக்கலாம், எதற்குக் கூடாது என்று பங்கு பிரித்து வைக்கிறவர்கள் நாம்.


ஆனி, முதல் சனி

சாரல் விழுந்துவிட்டது. தென்காசியில் வெயில், எங்கள் மேலகரத்தில் ஈரக்காற்று, குற்றாலம் போய்ச் சேர்வதற்குள் சேலை நனைந்துவிடுகிறது. ஐந்தாறு கிலோமீட்டருக்குள் மூன்று பருவம்.

பேரனைக் கூட்டிக்கொண்டு ஐந்தருவிக்குப் போனேன். குளிக்க வந்த கூட்டத்துக்குச் சமமாகக் குரங்குக் கூட்டமும் இருந்தது. எல்லாம் நாட்டுக் குரங்கு. உச்சி வகிடு எடுத்துச் சீவிய மாதிரி தலைமுடி. வண்டிகள் நிற்கிற இடத்தில் ஒரு குடும்பம் நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தைப் பிரித்து ஒவ்வொன்றாக வீசிக்கொண்டிருந்தது. அப்பா வீச, அம்மா போனில் படம் எடுக்க, சின்னப் பெண்ணொருத்தி குதித்துக்கொண்டிருந்தாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதை மறைத்து எழுதக் கூடாது.

பேரனும் கேட்டான். என் பையில் முறுக்கு இருப்பது அவனுக்குத் தெரியும்.

"பாவம் ஆச்சி, பசிக்கும்ல? இங்க பாரு, நம்மளப் பாத்துச் சிரிக்கிது."

குட்டியை வயிற்றில் கட்டிக்கொண்டிருந்த பெண் குரங்கு ஒன்று உதட்டை இழுத்துப் பல்லைக் காட்டியது. குரங்கு அப்படிப் பல்லைக் காட்டினால் அது சிரிப்பில்லை, பயம். வாயைத் திறந்து, புருவத்தை ஏற்றி, நேருக்கு நேர் முறைத்தால் அது மிரட்டல். நாம் அதன் கண்ணையே உற்றுப் பார்த்தாலும் அதற்கு அது சண்டைக்கு அழைப்பதுதான். பயத்தைச் சிரிப்பென்று படித்துக் கையை நீட்டுகிறோம். பிடுங்கினால் திருட்டுக் குரங்கு என்கிறோம். அ, ஆ தெரியாமல் கதை படிக்கிறது போல.

முறுக்கை எடுக்கவில்லை. அவனுக்குக் கோபம். திரும்பி வரும் வழியெல்லாம் என்னைக் கஞ்சப்பிசினாரி என்று நினைத்துக்கொண்டுதான் வந்திருப்பான்.

மங்குஸ்தான் விற்கிற அம்மாளிடம் அவன் நின்றான். கூடைக்குப் பக்கத்தில் கவட்டை ஒன்று வைத்திருந்தார்.

"இத வச்சு அடிப்பீங்களா?"

"காட்டினாப் போதும் ராசா. கல்லே வைக்கலை, பாரு." ரப்பரை இழுத்து விட்டுக் காட்டினார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "குடுத்துப் பழக்கினவங்க ரெண்டு நாள்ல ஊருக்குப் போயிருதாங்கம்மா. அடி வாங்குறது இதுகதான்."

பேரனிடம் நான் அரை மணி நேரம் சொல்லியிருக்க வேண்டியதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.


மறுநாள்

நேற்று விட்டதைத் தொடர்கிறேன்.

குற்றாலக் குறவஞ்சி எழுதிய திரிகூடராசப்பக் கவிராயர் எங்கள் மேலகரத்துக்காரர். அவருடைய குறத்தி தன் மலையின் வளத்தைச் சொல்லத் தொடங்கும்போது அருவியை முதலில் சொல்லவில்லை, குரங்கைத்தான் சொல்கிறாள். கிட்டத்தட்ட முந்நூறு வருஷத்துக்கு முந்தைய குரங்குகள். மலைப் பழம் அவற்றின் சொந்தச் சொத்து. யாரும் வீசிப் போடவில்லை.

அந்த மலைக்குப் பழம் வந்த வழியிலும் குரங்குக்குப் பங்குண்டு. கன்னத்துக்குள் அதற்கு ஒரு பை இருக்கிறது. ஆலம்பழம், அத்திப்பழம், நாவல், எது கிடைத்தாலும் அதில் அடைத்துக்கொண்டு வேறு மரத்துக்குப் போய் உட்கார்ந்து மெல்லும். கொட்டையை அங்கே துப்பும். விழுங்கியது எச்சத்தோடு விழும். எங்கோ ஒரு பாறை இடுக்கில் முளைக்கும். காட்டுக்குள் விதைத்துக்கொண்டு திரிய வேண்டியதை நாம் கூப்பிட்டு ரோட்டோரத்தில் உட்கார வைத்துவிட்டோம். உப்பும் எண்ணெயும் மணக்கிற பொட்டலம் எந்த அத்திமரத்தையும் தோற்கடித்துவிடும். ரோட்டோரத்தில் உட்கார்ந்தால் வண்டி ஏறும். பொட்டலத்துக்குப் பழகிய குரங்கு பொட்டலம் இல்லாத கையையும் சோதிக்கும். பிள்ளையின் கையாக இருந்தால் பிறாண்டும். அதன் பிறகு புகார், கூண்டு, பழக்கமில்லாத வேறொரு காடு.

மலைப்பாதைகளில் உணவளிக்காதீர் என்று வனத்துறை பலகை வைக்கிறது. அதற்கு அடியிலேயே நின்று வாழைப்பழம் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அனுமாருக்குக் கொடுக்கிறோம் என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். கொடுத்தால் புண்ணியம் என்று கேட்டு வளர்ந்தவர்களிடம் கொடுக்காதே என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பது எனக்கும் தெரியும். பேரன் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.


ஆனி, நடுவில் ஒரு நாள்

சாயங்காலம் குளத்தங்கரைக்குப் போனோம். கரையோரம் ஆள் இடுப்புயரக் கல் ஒன்று நட்டிருக்கிறது. எழுத்து இல்லை, சிற்பம் இல்லை. ஒரு பக்கம் மட்டும் வழவழவென்று தேய்ந்து எண்ணெய் தடவின மாதிரி இருக்கும்.

"சாமியா ஆச்சி?"

"இல்ல. மாடு ஒடம்பத் தேச்சுக்கிற கல்லு. ஆவுரிஞ்சு கல்லுன்னு பேரு."

அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. மாட்டுக்கு என்று யார் கல் நடுவார்கள்? நம் பெரியவர்கள் அறம் முப்பத்திரண்டு என்று ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். ஓதுவார்க்கு உணவு, தண்ணீர்ப் பந்தல் எல்லாம் அதில் உண்டு. பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பசுவுக்கு வாயுறை கொடுப்பதும் விலங்குக்கு உணவு கொடுப்பதும் அதே வரிசையில் வரும். ஆவுரிஞ்சு தறி நடுவதும் வரும். வகுப்பில் நான் அதை வேகமாகக் கடந்து போயிருக்கிறேன். தேர்வில் கேட்க மாட்டார்கள்.

இன்று அந்தக் கல்லுக்கு முன்னால் நின்றபோதுதான் அது எனக்கே உறைத்தது. சோறு போடுவது என்பது நமக்குப் பசிக்கிறதை வைத்து அதற்கும் பசிக்கும் என்று நினைப்பது. அது சுலபம். மாட்டுக்கு அரிக்கும் என்று நினைப்பதற்கு அதையே நின்று பார்த்திருக்க வேண்டும். வால் பின்பக்கம் வரைக்கும்தான் எட்டும். நாக்கு விலாவுக்கு எட்டும். கழுத்தின் மேல்பக்கத்துக்கும் திமிலுக்கும் எதுவும் எட்டாது. கை கிடையாது. சொல்ல வாய் கிடையாது. இதையெல்லாம் பார்த்த ஒருத்தர், மேய்ச்சல் முடிந்து தண்ணீர் குடிக்க வருகிற வழியாகப் பார்த்து, அது உரசுகிற உயரத்துக்கு அளந்து, ஒரு கல்லை நட்டுவிட்டுப் போயிருக்கிறார். எந்த மாடு, யார் மாடு என்று கேட்கவில்லை. தன் பேரைக்கூட வெட்டிவைக்கவில்லை.

பேரன் சட்டையைத் தூக்கிக் கல்லில் முதுகைத் தேய்த்துப் பார்த்தான். "நல்லாருக்கு ஆச்சி" என்றான். பிறகு ஒரு கேள்வி கேட்டான்: "நாய்க்கு எங்க ஆச்சி எட்டாது?"

பதில் சொல்லவில்லை. போய்ப் பார் என்றேன். வீட்டு வாசலில் படுத்திருக்கிற கிழட்டு நாயை இரவு வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தான், நான் சொன்னபடி தொடாமல்.


ஆனி, கடைசி

தெரு நாயைப் பற்றி அவனிடம் சொல்லி வைத்திருப்பது மூன்று. தூங்குகிறதைத் தொடாதே. தின்கிறதைத் தொடாதே. குட்டி போட்டதன் பக்கத்தில் போகாதே. துரத்தினால் ஓடாதே என்பது நாலாவது. அதைச் சொல்கிற எனக்கே கை நடுங்கும்.

இரக்கத்தைப் பற்றி எழுதுகிற இடத்தில் பயத்தை ஏன் எழுதுகிறேன் என்றால், பிள்ளைக்கு நாயை நேசிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு நாயைப் படிக்கக் கற்றுக்கொடுக்காமல் விடுவது பாதிக் கிணறு தாண்டுகிற வேலை. வெறிநோய் இருக்கலாம் என்று சந்தேகப்படும் விலங்கிடம் கடிபடுகிறவர்களில் 100-க்கு 40 பேர் 15 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கடி பட்ட பிள்ளை அடிக்குப் பயந்து வீட்டில் சொல்லாமல் மறைக்கும். ஆகவே ஐந்தாவதாக ஒன்றையும் சேர்த்தேன்: கீறல் பட்டாலும் என்னிடம் சொல், திட்ட மாட்டேன். சொன்ன உடனே குழாயைத் திறந்து சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி ஒன்றும் வைக்கக் கூடாது. நேரே அரசு ஆஸ்பத்திரி, ஊசி. நோய் வெளியே தெரிந்துவிட்டால் பிறகு காப்பாற்ற வழி இல்லை என்றே சொல்லிவிடலாம்.

நாங்கள் படித்த காலத்தில் கடிவாய்க்குச் சுண்ணாம்புதான்.


ஆடி, கோயில் கொடை முடிந்த மறுநாள்

எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

என் பத்து வயதில் வீட்டில் ஒரு வெள்ளாட்டுக் கிடா வளர்ந்தது. குட்டியிலேயே மாடன் சாமிக்குப் பலியாக நேர்ந்துவிட்டது. எனக்கு அது தெரியாது. அகத்திக்குழை ஒடித்துப் போடுவதும், தண்ணீர் காட்டுவதும், மழையில் தாழ்வாரத்தில் கட்டுவதும் என் வேலை. கொடை அன்றைக்குத்தான் தெரிந்தது. அழுது புரண்டேன். தண்ணீர் வாளியை எட்டி உதைத்தேன். அப்பா திட்டவில்லை. வாளியை நிமிர்த்தி மறுபடி நிரப்பி என் கையில் கொடுத்தார். "கடைசி வரைக்கும் தண்ணி வைக்கிறது உன் வேல. அது நின்னுக்கிட்டு இருக்குல்ல."

வைத்தேன். அது குடித்தது.

அப்பா சொன்னது சரியா என்று ஐம்பத்தைந்து வருஷமாக என்னால் முடிவு செய்ய முடியவில்லை. கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுக்க 1950-இல் இங்கே ஒரு சட்டம் வந்தது; 2003-இல் அதைக் கறாராக அமல்படுத்தினார்கள்; 2004-இல் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். சட்டத்துக்கே இவ்வளவு தடுமாற்றம். நேற்றுக் கொடையில் பேரன் என்னைப் பார்த்தான். கேட்கப் போகிறான் என்று தெரிந்தது. கேட்டான். "எனக்கும் பிடிக்கல. ஆனா நானும் கறி திங்கிறவதான்" என்றேன். பிள்ளையிடம் பொய் சொல்ல வராத இடம் அது. ராத்திரி அவன் இலையில் கறியை ஒதுக்கி வைத்தான். இரண்டு நாளில் தின்பான் என்று நினைக்கிறேன். தின்னாவிட்டாலும் சரி.


ஆடி, மழை இல்லாத நாள்

சட்டம் என்று எழுதியதும் இன்னொன்று ஞாபகம் வந்தது. விலங்குகளுக்குக் கொடுமை செய்வதைத் தடுக்கிற சட்டம் 1960-இல் வந்தது. அதற்கு முதலில் மசோதா கொண்டுபோனவர் ருக்மிணி தேவி அருண்டேல். கலாக்ஷேத்ராவை உண்டாக்கியவர், 1952-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டவர். 1962-இல் விலங்கு நல வாரியம் அமைந்தபோது தலைவரும் அவரே. நடனத்துக்காகத் தெரிந்த அளவுக்கு இதற்காக அவரை நம் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை.

அந்தச் சட்டத்தில் முதல் முறை குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. அன்றைக்கு அது பணம். இன்றைக்கு ஐந்தருவியில் வீசப்பட்ட சிப்ஸ் அதைவிட விலை அதிகம். உயிர்களிடம் இரக்கம் காட்டுவது குடிமகனின் கடமை என்று 1976-இல் அரசியல் சட்டத்திலும் எழுதிக்கொண்டோம். கூண்டில் பச்சைக்கிளி வளர்ப்பது குற்றம் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. கிளி சோசியக்காரரைப் பார்த்தால் மட்டும் நமக்கு அது ஞாபகம் வருகிறது, சொந்தக்காரர் வீட்டு வராந்தாவில் தொங்கும் கூண்டைப் பார்த்தால் வருவதில்லை.

சட்டத்தை விடக் கூந்தன்குளத்தை நான் நம்புகிறேன். நான்குநேரிப் பக்கம். கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் ஊருக்குள்ளேயே, வீட்டு மரங்களில் கூடு கட்டும். எச்சம் முற்றத்தில் விழும். நாற்றம் சொல்லி முடியாது. பட்டைத்தலை வாத்து இமயமலையைத் தாண்டி அந்தக் குளத்துக்கு வருகிறது. பறவைகள் வந்தால் ஊர் செழிக்கும் என்று ஜனங்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. 1994-இல்தான் அரசு அதைச் சரணாலயமாக அறிவித்தது; ஊர் அதற்கு வெகு காலம் முன்பே முடிவு செய்துவிட்டது. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து மீன் கொடுத்து வளர்த்துப் பறக்கவிட்ட பால்பாண்டியையும் அவர் மனைவி வள்ளித்தாயையும் இந்தப் பக்கத்தில் பறவை பார்ப்பவர்கள் எல்லாருக்கும் தெரியும்.

என்னை யோசிக்க வைப்பது அந்த ஊர்ப் பிள்ளைகள். பட்டாசு வேண்டாம் என்று ஒரு எட்டு வயசுக்காரன் ஒத்துக்கொள்கிறான் என்றால், அதை யாரும் அவனுக்குப் பாடமாக நடத்தியிருக்க மாட்டார்கள். ஊரே வெடிக்காமல் இருக்கிறது, அவனும் வெடிக்கவில்லை.

மணிமுத்தாறில் இருக்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் 2011-இல் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பைத் தொடங்கியது. பொங்கலை ஒட்டி, மாணவர்களும் மற்றவர்களும் விடிகாலையில் குளத்தங்கரையில் நின்று எண்ணுகிறார்கள். எண்ணுவதற்குத் தொட வேண்டாம், கொடுக்க வேண்டாம், கூப்பிட வேண்டாம். சத்தம் போடாமல் நின்றால் போதும். வருகிற தையில் பேரனை அனுப்ப வேண்டும். நத்தைகுத்தி நாரைக்கு மூடிய அலகின் நடுவில் இடைவெளி இருக்கும் என்று சொன்னேன். படத்தில் பார்த்தால் நம்ப மாட்டேன், நேரில்தான் நம்புவேன் என்கிறான்.


ஆடி, கடைசி வாரம்

குற்றாலத்துக் கோபம் இன்றைக்குத்தான் முழுசாகத் தீர்ந்தது. அவனாகவே பேச்செடுத்தான்.

"குரங்குக்குக் குடுக்கக் கூடாதுன்ன. வாசல்ல நாய்க்கு மட்டும் சோறு வைக்க?"

"குரங்குக்கு மலை இருக்கு. இதுக்கு என்ன இருக்கு?"

கொஞ்ச நேரம் யோசித்தான். "நாம" என்றான்.

அவ்வளவுதான் நான் சொல்ல நினைத்தது. இதை முப்பத்தாறு வருஷம் வகுப்பில் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லத் தெரியாமல் போயிற்று. நம்மை நம்பி வாழப் பழகிய நாய், மாடு, ஆட்டுக்கு ஒரு நாள்கூடத் தவறக் கூடாது. காட்டுக்குச் சொந்தமானதற்கு ஒரு நாள்கூடக் கொடுக்கக் கூடாது. பெரியவர்கள் நாம் இதை மாற்றிச் செய்கிறோம். ஐந்தருவியில் குரங்குக்கு ஆசையாக வீசுகிறோம். பிள்ளை கேட்டதென்று மூவாயிரமோ முப்பதாயிரமோ கொடுத்து வாங்கிய நாய்க்குட்டி வளர்ந்ததும், முடி கொட்டுகிறது, வெயில் தாங்கவில்லை என்று யாராவது எடுத்துக்கொள்வார்களா என விசாரிக்கிறோம். பனிநாட்டு நாய்க்குத் தென்காசி வெயில் தாங்காது என்பது வாங்குகிற அன்றைக்கே தெரிந்த விஷயம்.

இந்தப் பேச்சுக்கு முன்பே இரண்டு பேருமாக ஒரு வேலை செய்திருந்தோம். பின்வாசலில் கிடந்த பழைய கல்தொட்டியை உருட்டி வந்து தெருவாசலில் வைத்தோம். நாய் குடிக்கிறது; மாடு குடிக்கிறது; காக்கை குளிக்கிறது. முதல் வாரம் அவன் ஒரு நாளைக்கு மூன்று தடவை தண்ணீர் ஊற்றினான். இரண்டாவது வாரம் ஒரு தடவை. மூன்றாவது வாரம் மறந்துவிட்டான். நான் திட்டவும் இல்லை, ஊற்றவும் இல்லை. தொட்டி காய்ந்து கிடந்தது. மத்தியானம் ஒரு பசு வந்து காய்ந்த கல்லை நக்கிவிட்டு நின்றது. பள்ளிக்கூடம் விட்டு வந்தவன் அதைப் பார்த்தான். புத்தகப் பையைக்கூடக் கழற்றவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினான். பசுவைக் காய வைத்தது என் தப்பு. அதையும் எழுதி வைக்கிறேன்.

இப்போது காலண்டரில் பேர் எழுதி வைத்திருக்கிறோம். தண்ணீர் தினமும் அவன் ஊற்ற வேண்டும். செவ்வாயும் வெள்ளியும் தொட்டியைக் கவிழ்த்துத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் கொசுப்புழு வைத்துவிடும். செவ்வாய் அவன் முறை. நாளைக்கு வெள்ளி.